இறங்காத முள்

ஆம்பூர், 1936 தை

அன்புள்ள தாயாரவர்களுக்கு மாசிலாமணி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

நேற்று முதலாளியின் பழைய டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டது. எண்ணெய் அளவு காட்டும் முள்ளோ தொட்டி நிறைய மண்ணெண்ணெய் இருப்பதாகக் காட்டியது. குச்சி விட்டுப் பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை.

கூட வேலை செய்யும் இஷ்தியாக் பாய் தலையைச் சொறிந்தார். "முள்ளுக்கு அடியில வாஷர் தேஞ்சுபோச்சு, அதுக்குப் பதிலா நான்தான் தோலை வெட்டி வச்சேம்பா."

தோல் பதனிடும் இந்த ஊரில் எது பழுதானாலும் தோல்தான் மருந்து! மண்ணெண்ணெயில் அது விறைத்து, முள்ளை நகர்த்தும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. கழற்றியதும் முள் இறங்கியது. முதலாளி திட்டியதோடு சரி.

நீங்களும் எப்போதும் சுகம் என்றே எழுதுகிறீர்கள். நானும் அப்படித்தான். கடிதத்துக்குள் குச்சி விட்டுப் பார்க்க முடியவில்லையே. இந்த முறை உங்கள் உடம்பைப் பற்றித் தங்கச்சியை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தபால்காரர் வந்துவிட்டார்.

மாசிலாமணி