ஞாயிற்றுக்கிழமை தூங்காத போர்டு

திங்கள், இரவு.

இன்று காலை சித்தப்பாவின் வள்ளம் கடலில் கவிழ்ந்தது. கவிழ்ந்தால் கரைக்குத் தகவல் அனுப்புவதற்கு நான் செய்து கொடுத்த பெட்டி செத்துக் கிடந்தது. வேம்பார் ஊர்க்காரர்களின் வள்ளம் ஒன்று அந்தப் பக்கம் வந்ததால் மனிதர் பிழைத்தார்.

பெட்டியைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. அசைவை உணரும் சிப்பில் இன்டரப்ட் என்று ஒரு பின், அதாவது கம்பி இணைக்கும் கால், உண்டு. வள்ளம் ஆடினால் அது சிக்னல் கொடுத்து, பெட்டியின் மூளையான போர்டை எழுப்பும். மற்ற நேரம் போர்டு தூங்கலாம். இடம் நெருக்கமாக இருக்கிறதென்று அந்தப் பின்னை நான் இணைக்கவில்லை. போர்டே ஓயாமல் ‘ஆடுகிறதா’ என்று சிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும், தினமும் கரையேறியதும் சார்ஜ் போடுவார்களே என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையை நினைக்கவே இல்லை. நேற்று யாரும் கடலுக்குப் போகவில்லை. வள்ளம் மணலில் கிடந்தது, சித்தப்பா மாதா கோயில் பூசைக்குப் போனார். போர்டு மட்டும் நாள் முழுக்க விழித்திருந்து, சனிக்கிழமை போட்ட சார்ஜைத் தின்று தீர்த்துவிட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தாம்ளா நேத்து சார்ஜ் போடாம விட்டுட்டேன். கோவிச்சுக்காத."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சித்தி, "நேத்தே சொன்னேன்லா, கேட்டாத்தான?" என்று அவரை ஏசத் தொடங்கிவிட்டாள்.

பின்னை இணைக்காததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.