பட்டைக் கொட்டகைக்காரியின் எட்டாம் வகுப்பு

மார்ச் 3, வெள்ளி

காலையிலேயே வெயில். முதலாளி வீட்டார் தொழுகைக்குப் போனதும் தோல் மண்டி மூடியாச்சு. மற்றவர்களெல்லாம் வீட்டுக்கு. நான் மட்டும், தோல் பதனிட இடித்த ஆவாரம்பட்டைத் தூள் தலையெல்லாம் படிய, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். வெள்ளி மத்தியானமும் ஞாயிறு சாயங்காலமும்தான் எங்களைப் போல வயசானவர்களுக்கு வகுப்பு.

தினம் பத்து வரி எழுதினால் கட்டுரை கைக்கு வரும் என்கிறார் வாத்தியார். இது அவருக்குக் காட்டுவதற்கு இல்லை.

சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முழங்கால் இடிக்கிறது. இந்த மாசம் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். நான், அப்புறம் எங்கள் மண்டியிலேயே தோல் நிறுக்கும் கபூர் பாய். (இனி க.பா. கை வலிக்கிறது.) பாஸ் பண்ணினால் அவரைக் குமாஸ்தா ஆக்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். இன்று நதிகள். க.பா. சொன்னது: "கோதாவரி எங்க பொறந்தா நமக்கு இன்னா சார்? பாலாத்துலயே தண்ணி இல்ல, பேஜாரு." வாத்தியாருக்கே சிரிப்பு. எங்களைவிட ரொம்பச் சின்னவர், பாவம், எங்களை அதட்டவும் முடியவில்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய், மகள் லில்லிக்குப் பேன் சீப்பு.

மார்ச் 5, ஞாயிறு

கோயிலில் பிரசங்கத்தின்போது தூங்கிவிட்டேன். லில்லி இடுப்பில் குத்தி எழுப்பினாள். ஏழு வயசு, அதற்குள் எனக்குக் காவல்.

இவர் கை நேற்றைவிட மோசம். என் வீட்டுக்காரர் ஏசடியானுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. முடி கழலுவதற்காக ஊறப் போட்ட தோலை நாள் முழுக்கத் தொட்டிக்குள் நின்று புரட்ட வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஆறி, திரும்ப வெடிக்கிறது. போன ஆகஸ்டில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் ஒரு வருஷம் தொட்டியில் நின்றால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டரம்மா. அங்கேதான் மருத்துவச்சி படிப்பைப் பற்றியும் சொன்னார். ஜூலையில் சேர்க்கிறார்களாம். தங்குவதற்கு அறை, மாசா மாசம் பணம். எட்டாம் வகுப்பு பாஸ் இருந்தால்தான். நான் பாஸ் பண்ணினால் இவர் தொட்டியை விட்டு ஏறலாம். அவ்வளவுதான் விஷயம். மற்றபடி எனக்குப் படிப்பில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை, தூக்கத்தில்தான் ஆசை.

மார்ச் 15, புதன்

பட்டை இடிக்கும் தாளத்துக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. பக்கத்து உலக்கை அஞ்சலை: "இன்னாமே, உலக்கைக்கு மந்திரம் ஓதறியா?" கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அப்புறம் அவளே, "படிச்சி முடிச்சா எங்களையெல்லாம் கண்ணுல பாப்பியா?" என்றாள். பார்ப்பேன் என்றேன். நம்பவில்லை.

தெரிந்தது: வட்டி, சதவீதம், வாய்ப்பாடு.
தெரியாதது: கடிகார முள் கணக்கு.
மறப்பது: எல்லாம்.

உடம்பு வலி. லில்லிக்குச் சளி.

மார்ச் 26, ஞாயிறு

வேலூர். காட்பாடியில் இறங்கி ஜட்கா. க.பா. முன்னால் வண்டிக்காரனோடு, நானும் மூட்டையும் பின்னால். வழியெல்லாம் மாகாணங்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். குதிரை மிரண்டது.

இரவு தங்கல் சத்துவாச்சாரியில் சின்னம்மா வீட்டில். நாளைக்கு முதல் பரீட்சையே கணக்கு. உடுத்த இருப்பது நல்ல புடவைதான். இருந்தும் என்மேல் பட்டை வாடை அடிக்கிறதா என்று சின்னம்மாவைக் கேட்டேன். "யாரு மோந்து பாக்கப் போறாங்க, தூங்குடி" என்றாள்.

மார்ச் 27, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் மேஜை. மேஜைமேல் பதிவேடு. வருகிறவர்கள் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். பக்கத்திலேயே, விடைத்தாளில் முத்திரை குத்துகிற மைப்பெட்டி திறந்து கிடந்தது. பெரிய வரிசை. "சீக்கிரம், சீக்கிரம்" என்றார் மேஜைக்காரர். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். என் கட்டை விரல் தானாகப் போய் மையைத் தொட்டு என் பெயருக்கு நேரே அழுத்திவிட்டது.

சனிக்கிழமைப் பழக்கம். மண்டியில் கூலி வாங்கும்போது எல்லாருக்கும் கைநாட்டுதான். எனக்குக் கையெழுத்து வரும் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "வரிசை நிக்குது, நாட்டிட்டுப் போமே" என்றார் குமாஸ்தா. கல்யாணமாகி வந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் நாட்டிய விரல்.

மேஜைக்காரர் என்னையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "கைநாட்டுக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சையா? யாருக்குப் பதிலா வந்திருக்கே?"

"நான்தாங்க எஸ்தர்."

"எஸ்தர் மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கா. நீ யாரு?"

பின்னால் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்துவிட்ட க.பா. எழுந்து நின்று, "சார், நம்ம மண்டிப் பொம்பளதான் சார், நான் ஜாமீன்" என்றார். வாயை மூடாவிட்டால் அவரையும் வெளியே அனுப்புவதாகச் சொன்னார்கள். என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பெயர் எழுதச் சொன்னார்கள். விரல் மையில் பேனா வழுக்கியதில் மனுவில் இருந்த கையெழுத்து மாதிரி வரவே இல்லை. திரும்ப எழுது. திரும்ப. செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். பெரியவர் வரட்டும் என்றார்கள். பெரியவர் வந்து, மனுவில் எழுதியிருந்த அங்க அடையாளத்தைப் பார்த்து, தாடை மச்சத்தைப் பார்த்து, போ என்றார்.

நான் உட்கார்ந்தபோது பாதி நேரம் போயிருந்தது. கட்டை விரல் மை தாளெல்லாம் அப்பியது. வட்டிக் கணக்கு வந்திருந்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதைத் தொடுவதற்குள் தாளை வாங்கிவிட்டார்கள்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. விரல்மேல்தான்.

மார்ச் 30, வியாழன்

ஆம்பூர். மற்ற பரீட்சைகள் பரவாயில்லை. ஸ்டேஷனுக்கு இவர் வந்திருந்தார், லில்லியைத் தோளில் வைத்துக்கொண்டு. "எழுதினியா?" என்றார். "எழுதினேன்." அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் சொன்னேன். நன்றாக எழுதியதாக நினைத்துக்கொண்டார். ஆட்டுக்கறி எடுத்து வைத்திருந்தார்.

ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு

பக்ரீத் தோல் வந்து குவிகிறது. மண்டியில் மூச்சுவிட நேரமில்லை, ஊரெல்லாம் நாற்றம். ஞாயிறும் வேலை. வகுப்பு இல்லை.

இவ்வளவு நெருக்கடியில் இவர் மேஸ்திரியிடம் போய், தொட்டியில் இனி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு இன்றுதான் தெரியும். "பொண்டாட்டி வேலூருக்குப் போறா, நானும் கூடப் போவேன்" என்றாராம். இப்போது தோல் காயப் போடும் வேலை, கூலி கம்மி. சொல்லிவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். இடுக்கில் புதுத் தோல் பிடித்திருக்கிறது, ரோஜா நிறம். கணக்குப் பரீட்சையில் நடந்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிவிட்டேன்.

நான் எதிரே வந்தால் க.பா. தராசைத் துடைக்கிறார். என்னைப் பார்ப்பதில்லை.

மே 12, வெள்ளி

வெயில் தாங்கவில்லை. வாத்தியாருக்கு முடிவு வந்துவிட்டது. கணக்கில் போச்சு. ஒன்றில் போனால் எல்லாம் போச்சு, அடுத்த வருஷம் முழுசும் திரும்ப எழுத வேண்டும். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு அவருக்குத்தான் ஆறுதல் சொல்லத் தோன்றியது.

க.பா. பாஸ். பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். "சொல்றதுக்கே கூச்சமா கீது தங்கச்சி." சந்தோஷமாக இருங்கள் பாய் என்றேன். மனசாரச் சொன்னேனா என்று தெரியவில்லை.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரலிலிருந்து. முதலில் சிரித்துவிட்டார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மே 15, திங்கள்

இவர் திரும்பத் தொட்டிக்குப் போய்விட்டார். காயப் போடும் கூலியில் வாடகையும் அரிசியும் நடக்காது. மேஸ்திரி காலையெல்லாம் வாசலில் நிற்க வைத்துத்தான் உள்ளே விட்டாராம். "வேலூர் துரை வந்துட்டாருடா" என்று ஒருவன் சொன்னது பட்டைக் கொட்டகை வரைக்கும் கேட்டது. நான் இடித்துக்கொண்டே இருந்தேன்.

மே 18, வியாழன்

புதுத் தோலெல்லாம் போச்சு. நாலு நாளில். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். வெள்ளியும் ஞாயிறும் முதலாளி வீடுகளில் பாத்திரம் தேய்த்தால் இவரைத் தொட்டியிலிருந்து ஏற்ற வழி பிறக்குமா பார்க்கலாம் என்றேன். சாப்பிட்டு முடித்தார். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "பாத்திரக் காசுல நான் ஏற முடியாது. நீ படிக்கறதையும் உட்டுட்டா நான் எதுக்கு தினம் தொட்டியில எறங்கறேன்?" என்றார்.

லில்லி தூங்கிவிட்டாள். தலை வாரவில்லை.

மே 19, வெள்ளி

அனல் காற்று. மத்தியானம் மண்டி மூடினார்கள். க.பா. இனி வரமாட்டார். பெஞ்சில் அவர் இடத்தில் அஞ்சலை உட்கார்ந்திருக்கிறாள், சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்து, "சும்மாதான் வந்தேன்" என்றாள். அடுத்த வருஷம் பரீட்சைக்கு யார் யார் என்று வாத்தியார் கேட்டார். உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்துக் கை தூக்கினேன்.