இளவரசிக்கு ஓர் அடுத்த முறை இருந்தது

என் ஆசை அக்காவுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. சனம் நிறைய வந்தது. நீ தொடவே மாட்டாத கத்தரிக்காய்க் குழம்பைத்தான் உன் பெயரில் படைத்தார்கள். கனடா வந்து முப்பது வருடம் அஜக்ஸ் வீட்டில் சமைத்தாய். உனக்கு எது பிடிக்காது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்த காலத்தில் ஓர் இளவரசியின் கதை சொன்னாயே, நினைவிருக்கிறதா? ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலேய இளவரசி. சின்ன வயதில் ஒருவனுக்கு நிச்சயித்து, அரசியல் மாறியதும் அதை முறித்து, பதினெட்டு வயதில் பிரெஞ்சுக் கிழ அரசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த முறை என் விருப்பப்படிதான் என்று, அரசனாக இருந்த தன் தமையனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அவள் கப்பல் ஏறினாள். கிழவன் சில மாதங்களில் செத்தான். அவள் தான் விரும்பியவனை இரகசியமாகக் கட்டினாள். வாக்குக் கொடுத்த தமையனே கோபித்து அபராதம் போட்டான்.

அந்தக் கதை சொன்ன அடுத்த வருடம் அப்பா எங்கள் இருவரையும் மாற்றுச் சம்மந்தத்தில் கொடுத்தார். கனடாவிலிருந்த அத்தானுக்கு நீ, அங்கேயே இருந்த அத்தானின் தங்கச்சிக்கு நான். இரண்டு பக்கமும் சீதனப் பேச்சு இல்லை. அப்பா அதைப் பெரிய சாதனைபோலச் சொல்லித் திரிந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு பக்கம் முறிந்தால் மற்றப் பக்கமும் முறியும். நீ அங்கே வாய் திறந்தால் மோர்னிங்சைட்டில் என் வீட்டில் அடுப்பு எரியாது. நான் இங்கே சத்தம் போட்டால் அத்தான் உன்னோடு ஒரு மாதம் பேசமாட்டார். ஒருமுறை தொலைபேசியில், "தம்பி, அவளுக்கு அடுத்த முறை எண்டு ஒண்டு இருந்தது" என்று சொல்லிச் சிரித்தாய். உன்னை விடுவிக்கச் சொல்லி நீ ஏன் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை? உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

காரியம் முடிந்து சாப்பிட்ட கையோடு அத்தான் தொடங்கினார். உன் மகள் அபியை, விட்பியில் இருக்கும் தன் வியாபாரப் பங்காளியின் மகனுக்குப் பேசியிருக்கிறாராம்.

"கொம்மா கண்ணை மூட முன்னம் சொன்ன ஆசை இது," என்றார் அபியிடம்.

அபி என்னைப் பார்த்தாள். "மாமா, அம்மா ரியலி அப்பிடிச் சொன்னவவா?"

கடைசிக் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தவன் நான். மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள்.

"இல்லை," என்றேன். "பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கோ எண்டுதான் சொன்னவ."

"மாத்துச் சம்மந்தம் எண்டது உனக்கு மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை அத்தான். ஆனா உங்கட கையில இருந்த ஆள் இப்ப இல்லை."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. நீ செத்த பிறகுதானா எனக்கு வாய் வந்தது?

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்தது. "அண்ணாவைச் சபையில வெக்கப்படுத்திப்போட்டியள்," என்றாள் மனைவி. அன்றிலிருந்து தேநீர்க் கோப்பை மேசையில் சத்தத்தோடு வந்து இறங்குகிறது. இந்த வயதில் எனக்கு எந்த அடுத்த முறை, அக்கா? இதே வீடுதான், இதே கதிரைதான்.

அபிக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறதாம். யாரென்று நான் கேட்கவில்லை. அவள் யாரைக் காட்டினாலும், தாய்மாமனாக நான் போய் நிற்பேன். அந்த அரசனைப்போலப் பிறகு அபராதம் போடமாட்டேன்.

உனக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட
உன் தம்பி