செல்வி கலந்த பச்சை

மார்கழி 27, ஞாயிறு

பனி. பத்து மணிக்குத்தான் வெயில். மரவாடியில் ஒரு சாக்கு மரத்தூள். டீ வடிகட்டியில் சலித்தேன். பச்சைப் பெயின்ட், துளி மஞ்சள், தண்ணீர். பிசைந்து மொட்டை மாடியில் பேப்பர் மேல் பரப்பினேன். பொம்மை மலைக்கு இதுதான் புல்.

கரியாலூர் லாட்ஜ்காரர் மறுபடி போன். காணும் பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் மலை, அருவி, வளைவு ரோடு எல்லாம் அவர் ஹாலில் இருக்கணுமாம். சரிங்க என்றேன்.

வாங்க: பசை, பஞ்சு, பல்பொடி.

28, திங்கள்

காய்ந்ததும் வெளுத்துவிட்டது. ஈரத்தில் சரியாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கலர் கலப்பது எப்போதும் செல்வி. ஐப்பசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் கடைசியாகக் கலந்த தூள் அலமாரியில், ஊறுகாய் பாட்டிலில். அருவி ஓரத்துக்கு என்று வைத்திருக்கிறேன்.

அக்கா திருநாவலூரிலிருந்து வந்தாள். சமைத்தாள். உப்பு இருந்ததா, தெரியவில்லை. மாடியைப் பார்த்துவிட்டு, "துக்க வூட்ல கலர்ப்பொடி காய வெச்சிக்கினு கீற. ஊரு இன்னாடா பேசும்?" கோலத்துக்கு இல்லை, மலைக்கு என்றேன். நம்பின மாதிரி இல்லை.

போகி

தெருவெல்லாம் புகை. இன்னொரு தட்டு, பச்சை தூக்கலாக. தேவலாம். பசை வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். பல்பொடி மறந்தாச்சு.

பொங்கல்

விடிந்ததும் கதவைத் திறந்தேன். எதிர்வாசலில் பெரிய கோலம். கரும்புத் தோகை முழுக்க செல்வியின் பச்சை. பார்த்ததுமே தெரிந்தது.

அலமாரியில் பாட்டில் இல்லை. நேற்று நான் கடைக்குப் போனபோது எதிர்வீட்டம்மா பச்சை குறையுது என்று வந்தார்களாம். செல்வி வாங்கி வைத்த கோலப்பொடி என்று அக்கா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "இந்த வருசம் நம்ம வாசல்ல கோலம் இல்ல. வீணாத்தான போவும்?"

எதிர்வீட்டம்மா, நல்லா கீதா என்று கேட்டார்கள். நல்லா கீதுங்க என்றேன். கோபம்கூட வரவில்லை. போய்க் குளித்தேன்.

சாயந்திரம் கோலம் பூரா செருப்புத் தடம், வண்டித் தடம். அந்தம்மா விளக்குமாறோடு வந்தார்கள். கொஞ்சம் இருங்க என்று அட்டையால் தோகையை வழித்து எடுத்தேன். எத்தனை சலித்தும் மண் பிரியவில்லை. அப்படியே அருவி ஓரத்தில் பசை தடவித் தூவினேன்.

அக்கா பின்னால் நின்றிருந்தாள்.

"அது செல்வி கலந்ததாடா?"

தலையாட்டினேன். அப்புறம்தான் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை.

பசை இன்னும் காயவில்லை. காலையில் மலையை ஏற்றிப் போக வண்டி வருது.