மெட்டுப் போட்டது நான் இல்லை

லா ஷப்பேல், பாரீஸ்
16.11.1986

அன்பு மகள் ஜிஸ்லேனுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நலம், ரெயூனியன் தீவில் நீயும் நலமாக இருப்பாய், ஆனால் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, லிப்ட் இன்னும் பழுது, நாலு மாடி ஏறி இறங்குகிறாள். நீ பாடி அனுப்பிய கசெட் செவ்வாய்க்கிழமை வந்தது. அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறாய்? மெட்டு: எமில். எந்த எமில், நானா? அது யார் பாட்டு என்று சின்ன வயதிலிருந்து உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் குண்டடிபட்டுக் கிடந்த, அதே பட்டாளத்து உக்ரைன்காரன் பெத்ரோ, மூன்று வாரம் மவுத் ஆர்கனில் வாசித்து எனக்குப் பழக்கிய மெட்டு. அவன் ஊரில் அறுவடை முடிந்து வீட்டுக்கு வரும்போது பாடுவார்களாம். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அரைகுறை பிரெஞ்சில் அவன் கேட்டது ஒன்றுதான், எங்கே பாடினாலும் இது உக்ரைன் பாட்டு என்று சொல், ருஷ்யப் பாட்டு என்று சொல்லிவிடாதே என்றான். அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

புதுச்சேரிக்கு வந்து உன் சித்தப்பா கல்யாணத்துக்குத் தமிழில் வார்த்தை போட்டேன், என் வேலை அவ்வளவுதான். பிறகு எத்தனையோ கல்யாணத்தில் பாடச் சொன்னார்கள், ஒவ்வொரு தரமும் பெத்ரோ பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன், ஜனங்கள் சலித்துக்கொண்டாலும் விடமாட்டேன். இப்போது நீ அந்தத் தீவின் கிரெயோல் பாஷையில் வார்த்தை போட்டுப் பாடியிருக்கிறாய், குரல் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போனில் கேட்டால், உக்ரைன் எங்கே இருக்கிறதென்று இங்கே யாருக்குத் தெரியும், உங்களைப் பெருமைப்படுத்தத்தானே போட்டேன் என்கிறாய். செத்தவன் பெயரை அழித்து எனக்கு எதற்கு அந்தப் பெருமை? வெட்கமாக இல்லையா உனக்கு?

இன்னொன்றும் கேள். உன் அம்மா ஆசைப்பட்டு கசெட்டை ரூ லூயி-பிளாங் தெருவில் யாழ்ப்பாணத்துச் சவிரிமுத்து கடையில் கொடுத்திருக்கிறாள். நேற்று புளி வாங்கப் போனேன், பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணை, இது உங்கடை மெட்டாமே என்று சவிரிமுத்து கேட்டார். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், ஜிஸ்லேன். முப்பத்துநாலு வருஷம் சொன்ன பெயர் நேற்று வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து புளியை மேசையில் வைத்துவிட்டு அழுதேன்.

நாளைக்குக் கடை திறந்ததும் போய் எல்லார் எதிரிலும் உண்மையைச் சொல்லப்போகிறேன். நீ அட்டையை மாற்று, பெத்ரோ, உக்ரைன் என்று கொட்டை எழுத்தில் போடு, அதுவரைக்கும் ஒரு கசெட்டும் விற்காதே. புயல் மாதம் வருகிறது, ஜன்னல் கதவுகளைச் சரிபார்த்து வை, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் குரலையும் உன்னையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அந்த மெட்டைப் போடாத
உன் அப்பா எமில்