யாரும் கேட்டிராத மொழியும் எங்கள் குத்தகை வயலும்

நேற்று உன் கருமாதிப் பந்தியில் பாயசம் ஊற்றினார்கள். ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படாத ஒரே எம்.ஏ. பட்டதாரி நீதானேடா.

மொழியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் குடவாசல் பக்கம் நம் ஊருக்கே திரும்பியிருந்தாய். டீக்கடையில் ஓயாமல் அதே பேச்சு. "சமஸ்கிருதம், கிரேக்கம், பாரசீகம், இந்தி, இங்கிலீஷு எல்லாத்துக்கும் ஒரே ஆத்தாடா. அவ பேசி யாரும் கேட்டதில்ல, ஒரு கல்வெட்டு கெடையாது. புள்ளைங்க பேச்ச ஒப்பிட்டுப் பாத்தே அவளக் கண்டுபுடிச்சிருக்காங்க." கடைக்காரருக்கு வந்ததே கோபம்! இந்தி எதிர்ப்பில் தடியடி வாங்கியவர். "இந்தியும் இங்கிலீஷும் சொந்தமா? அப்ப நான் எதுக்கு தம்பி அடிவாங்குனேன்?" கொஞ்ச நாள் உனக்கு டீயே கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்தது. எங்கள் அப்பாவையா? தெரியவே தெரியாது என்றுவிட்டார் வயலுக்குச் சொந்தக்கார மிராசுதார். அப்பா உழுததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வயல் போனால் நாங்கள் தெருவுக்குத்தான். நீயோ துள்ளிக் குதித்தாய். "ஆத்தாளுக்கே ஆதாரம் இல்லடா! நாலு சாட்சிய ஒப்பிட்டு நிரூபிச்சிருவோம்."

அதோடு நின்றாயா? சாட்சிகளை உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்தாய். விசாரணையில் நால்வரும் "மேற்படி நிலத்தில் அன்னார் தொடர்ந்து பயிரிட்டு வருகிறார்" என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். கடைசியாக வந்த என் அத்தை கண்ணை மூடி ராகம் போட்டே பாடிவிட்டாள். அதிகாரி பேனாவை மூடினார். "யாரு எழுதிக் குடுத்தது?" உன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு.

நீ எழுந்தாய். "தப்பு என்னுதுங்க, ஐயா. ஒரே மாதிரி இருந்தா அது காப்பிங்க. வேற வேறயா இருந்தாத்தான் ஒப்பிடவே முடியும். படிச்சவன் நானே மறந்துட்டேன். அவங்கவங்க பேச்சுல கேளுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். நால்வரையும் தனித்தனியாக அழைத்தார். நாற்று நடக் கூலிக்கு வரும் அக்கா, அந்த வயலில் அப்பாவிடம் வாங்கிய வசவுகளைச் சொன்னாள். வண்டிக்காரர், அறுப்பின்போது அங்கே வண்டி சேற்றில் புதைந்ததைச் சொன்னார். பக்கத்து வயல்காரர் அப்பாவோடு போட்ட தண்ணீர்ச் சண்டையை அங்கேயே மறுபடி தொடங்கிவிட்டார். அத்தையோ, தன் கல்யாணத்தன்றுகூட அண்ணன் அந்த வயலிலிருந்து சேற்றுக்காலோடு பந்தலுக்கு வந்ததைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். ஒருவர் கதை மற்றவர் கதையோடு ஒட்டவில்லை. ஆனால் எல்லாக் கதையிலும் அதே வயலில் அப்பா நின்றார். அவர் பெயர் பதிவானது.

உன் குரல் எந்த டேப்பிலும் இல்லையாம். நேற்றுப் பந்தியில் ஆளாளுக்கு உன்னைப் போலப் பேசிக் காட்டினார்கள். உன் மனைவி ஒரு மாதிரி, டீக்கடைக்காரர் மகன் வேறொரு மாதிரி. "அவன் எங்க அப்படிப் பேசுனான்?" என்று சண்டைக்குப் போக வாயெடுத்தேன், அப்புறம் மூடிக்கொண்டேன். வேற வேறயாவே பேசட்டும்டா.

பாயச வாளி திரும்ப வந்தது. என் பங்குக்கு நானும் உன் குரலிலேயே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், இன்னொரு கரண்டி கேட்டேன்.