ஆறாம் லயம் ஏழாம் முறி ஜன்னலுக்கு ஆணி அடித்தவன் மீது

அனுப்புநர்:
மா. அழகுமலை,
மராமத்து ஆசாரி,
மேல் டிவிஷன், முதல் லயம், மூன்றாம் முறி,
மாட்டுப்பட்டி வழி, மூணாறு.

பெறுநர்:
பிளாண்டேஷன் இன்ஸ்பெக்டர் அவர்கள்,
மூணாறு.

பொருள்: கொழுந்தெடுக்கும் தொழிலாளி வேலுத்தாய் வேலை நீக்கம் செய்யப்பட்டு, இம்மாதம் 31-ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய உத்தரவாகியிருப்பது. அதற்குக் காரணமான பொய்ச் சாட்சி சொன்ன ஆசாரி அழகுமலை மீது மேற்படி அழகுமலையே கொடுக்கும் புகார்.

பார்வை: 2-8-1974 அன்று எங்கள் டிவிஷன் ஆபீஸில் நடந்த விசாரணை.

மதிப்புக்குரிய இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களின் பார்வைக்கு, அழகுமலை பணிவுடன் எழுதிக்கொள்வது:

1. புகார் கொடுப்பவனும் நான், புகாருக்கு ஆளானவனும் நான். இப்படி ஒரு மனுவைத் தாங்கள் இதற்கு முன் வாங்கியிருக்க மாட்டீர்கள். தயவுசெய்து பைத்தியக்காரன் எழுதியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். மூணாறு பஜாரில் மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் போனேன். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே" என்று சொல்லி, "வேலைப் பளுவினால் நேர்ந்த சிறு கவனக்குறைவு" என்று எழுதிக் காட்டினார். அந்தத் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. பதினான்கு வருடமாக இந்த டிவிஷனில் மராமத்து ஆசாரி நான் ஒருவன்தான். லயத்துக் கதவு, ஜன்னல், பிள்ளைக் காப்பகத்துப் பெஞ்சு, ஆள் செத்தால் பெட்டி, எல்லாம் என் கைதான். ஆறாம் லயத்து வரிசையில் பத்து முறி, குடும்பத்துக்கு ஒன்று. ஒரு முறிக்கு ஒரு ஜன்னல், அதுவும் வாசல் கதவை ஒட்டி. அடுப்பும் படுக்கையும் அந்த ஒரே அறையில். ஆகவே புகை போகவும் வெளிச்சம் வரவும் அந்த ஜன்னலை விட்டால் வேறு வழி கிடையாது.

3. ஜன்னலுக்கு வருகிற சீக்கு எல்லாம் எனக்கு மனப்பாடம். மழையில் மரம் ஊதி நிலையில் சிக்கிக்கொண்டால் கதவைக் கழற்றி, சிக்குகிற ஓரத்தை மட்டும் இழைப்புளி போட்டு இழைத்து, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். கீல் துருப்பிடித்துக் கதவு தொங்கினால் பழைய திருகு ஓட்டையில் மரக்குச்சியைத் தட்டி இறக்கிவிட்டுப் புதுக் கீல் வைக்க வேண்டும். கொண்டி எட்டவில்லை என்றால் கொண்டியை இழுத்துப் பார்த்துப் பயனில்லை, கதவு எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடி வைத்த ஜன்னலில் அது ஆடினால் பழைய லப்பத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது லப்பம் வைக்க வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை ஐயா. ஒரு ஜன்னலுக்கு அரை நாள் போகும். பத்து ஜன்னலுக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளைத்தான் நான் திருடினேன்.

4. கடந்த மே மாதம் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் ஆபீஸ் ரைட்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "மழைக்கு முன்னே ஆறாம் லயத்து ஜனலெல்லாம் நல்லா அடையணும்" என்று சொன்னார். அவர் மலையாளி, நம்மிடம் பேசும்போது தமிழைக் கலந்து பேசுவார். கதவு, ஜன்னல் ஒழுங்காகச் சாத்த வர வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். தமிழில் அடைப்பது என்றால் சாத்துவதும் உண்டு, ஓட்டையை ஒரேயடியாக மூடிவிடுவதும் உண்டு. ரைட்டர் ஐயா எதைச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று யாராவது என் சார்பில் சொன்னால் தாங்கள் நம்ப வேண்டாம். கீல், திருகு, கொண்டி எல்லாம் ஆபீஸில் முறையாகக் கொடுத்திருந்தார்கள். என் பட்டறையில் சாக்குப் பையில் இருந்தது.

5. ஆனால் வைகாசி மாதம் சங்கரன்கோவில் பக்கத்தில் என் சொந்த ஊரில் என் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தேன். லீவு கிடைக்க வேண்டுமானால் ஜன்னல் வேலை முடிய வேண்டும். நான் மூன்று அங்குல ஆணியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஜன்னலையும் சாத்தி, மூலைக்கு ஒன்றாக நாலு ஆணி அடித்தேன். பத்து ஜன்னலும் ஒரே காலையில் முடிந்தது. அடையச் சொன்னார், நல்லாவே அடைத்தேன் என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

6. ஏழாம் முறியில் இருப்பவள் வேலுத்தாய். அவள் பிறந்த ஊரும் எங்கள் ஊரும் ஒரே கண்மாய்ப் பாசனம். அதனால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் புருஷன் சின்னமுத்து பேக்டரியில் தேயிலை சலிக்கிற அறையில் வேலை பார்த்து, தூசி நெஞ்சில் இறங்கி, இரண்டு வருடமாக இழுப்போடு வீட்டில் கிடக்கிறான். நான் ஆணி அடிக்கும்போது வேலுத்தாய் எனக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "ஏண்ணே, இத மறுபடி எப்படித் தொறக்கிறது? இவருக்குப் புகை ஆகாதே" என்று கேட்டாள். "மழை விடட்டும் தங்கச்சி, நானே வந்து தொறந்து தாரேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். மழை இன்னும் தொடங்கவே இல்லை அப்போது.

7. ஊரிலிருந்து திரும்பி வந்தபின் ஆறாம் லயத்துக்காரர்கள் இரண்டு மூன்று தடவை கேட்டார்கள். பார்ப்போம், பார்ப்போம் என்று நாளைக் கடத்தினேன்.

8. 9-7-1974 செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்றும் மழையும் வாசல் பக்கமாக அடித்ததால் சின்னமுத்து கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெந்நீருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறான். ஈர விறகு. புகை போக வழியில்லாமல் அறை நிறைந்து, எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுக்கவும் மூச்சு இல்லாமல் அங்கேயே விழுந்துவிட்டான். பக்கத்து முறி ராசம்மாள் இருமல் சத்தம் கேட்டு, பிறகு இருமல் நின்றுபோனதையும் கேட்டு, கொழுந்தெடுக்கிற மலைக்கு ஓடிப்போய் வேலுத்தாயைக் கூட்டி வந்தாள். ஜன்னல் திறந்தால் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்துவிடலாம். ஜன்னல் திறக்கவில்லை. வேலுத்தாய் ராசம்மாள் வீட்டுக் கவாத்துக் கத்தியை வாங்கி ஜன்னல் பலகையைக் கொத்திப் பிளந்து, கையை விட்டுக் கதவைத் திறந்தாள். சின்னமுத்து பிழைத்துக்கொண்டான். வேலுத்தாய்க்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து தையல் போட்டார்கள். அந்தப் பெண் பலகையை உடைக்காமல் இருந்திருந்தால் சின்னமுத்துவுக்கு நான் ஜன்னல் செய்திருக்க மாட்டேன், பெட்டிதான் செய்திருப்பேன்.

9. சொல்லாமல் வேலையை விட்டு வந்தது, தோட்டத்துச் சொத்தை உடைத்தது என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆணி விஷயம் வெளியே வந்தால் என் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். மறுநாள் விடிந்ததும் புதுப் பலகை, கீல், கொண்டி எல்லாம் எடுத்துக்கொண்டு ஏழாம் முறிக்குப் போனேன். பலகை உடைந்தும் என் நாலு ஆணியும் நிலையிலேயே நின்றன. குறடு போட்டு நாலையும் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். ஓட்டைகளில் லப்பம் வைத்து அடைத்தேன். லப்பம் வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்சம் அடுப்புக்கரி வேண்டும் என்று வேலுத்தாயிடம் கேட்டேன். எதற்கு என்று கூடக் கேட்காமல் அவள் அடுப்பிலிருந்தே சிரட்டையில் வழித்துக் கொடுத்தாள். அதைத் தேய்த்துப் பழைய மரம் போல ஆக்கினேன். கட்டுப் போட்ட கையோடு அவள்தான் ஐயா எனக்குக் கதவைத் தாங்கிப் பிடித்தாள். கீல் முடுக்கிக் கொண்டி மாட்டித் திறந்து காட்டியதும், "இப்பத்தாண்ணே வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லி அன்றைக்கும் சாயா கொடுத்தாள். குடித்தேன்.

10. அந்த வாரத்துக்குள் மற்ற ஒன்பது ஜன்னலுக்கும் அதே மாதிரி ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை மூடி, இழைத்து, கீல் வைத்து முடித்தேன். பதினான்கு வருடத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான். பத்து ஜன்னலும் ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். உண்மையை மறைக்க வேண்டும் என்றபோது மட்டும் எனக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

11. ஆகஸ்ட் 2-ஆம் தேதி விசாரணையில், ஜன்னலில் ஆணி அடித்திருந்தது என்று வேலுத்தாய் சொன்னாள். ராசம்மாளும் சொன்னாள். தோட்டத்து மேனேஜர் துரை நேரில் போய்ப் பத்து ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே லயத்துக்காரிகள் சேர்ந்துகொண்டு சொல்கிறார்கள் என்று ஆகிவிட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, மே மாதம் அந்த ஜன்னலில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்கள். நான், "அடையணும்னு ரைட்டர் ஐயா சொன்னாங்க, அடைச்சேன்" என்று சொன்னேன். ரைட்டர் ஐயா அவர் பாஷையில் அதை எழுதிக்கொண்டார். நல்லபடியாகச் சாத்த வரும்படி செய்தேன் என்று அதற்கு அங்கே அர்த்தம் ஆயிற்று. அவர்மேல் குற்றம் இல்லை. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, மொத்தமும் பொய்.

12. அப்போது வேலுத்தாய் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க அடிச்ச ஆணிதானே, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொத்தை உடைத்ததோடு ஆசாரி மேல் அபாண்டம் சொன்னதும் சேர்ந்து அவளுக்கு வேலை நீக்கம் ஆனது.

13. அவள் என் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பதினைந்து நாள் பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. நேற்று முன்தினம் பட்டறைக்கு வந்தாள். கையில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று. பாத்திரம் பண்டம் போட்டு மலையிறங்க வேண்டும், வேறு ஆசாரி இல்லை, மூடி அடித்துத் தர வேண்டும் என்று கேட்டாள். கீழே போனால் அவர்களுக்கு இருக்க இடம் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. பெட்டியை வைத்துவிட்டு, "நல்லா அடைச்சுத் தாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். குத்திக் காட்டினாளா, சாதாரணமாகத்தான் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. சுத்தியலைக் கையில் எடுத்தேன், என்னால் முடியவில்லை ஐயா. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

14. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி அழகுத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் கடைக்குப் போய் வெள்ளைத் தாள் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். எங்கள் வீடும் போகலாம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகையால் ஐயா அவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், 31-ஆம் தேதிக்கு முன்பாகத் தாங்கள் நேரில் வந்து ஏழாம் முறி ஜன்னல் நிலையின் நாலு மூலையிலும் கரியைத் துடைத்து, லப்பத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். நாலு ஓட்டை இருக்கும். மற்ற ஒன்பதிலும் இருக்கும். இத்துடன் வைத்திருக்கும் ஆணிகளை அந்த ஓட்டைகளில் விட்டுப் பார்த்தால் சரியாக இறங்கும். விசாரணைக் காகிதத்தில் "அடைத்தேன்" என்று நான் சொன்னதாக இருக்கும் இடத்தில் "ஆணி அடித்தேன்" என்று திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். வேலுத்தாய் சொன்னது அத்தனையும் நிஜம். புருஷன் உயிரைக் காப்பாற்ற ஓடி வந்தவளுக்கு வேலையையும் வீட்டையும் திருப்பித் தரும்படி செய்ய வேண்டும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. கவனக்குறைவு என்று மட்டும் எழுத வேண்டாம்.

வேலுத்தாயின் பெட்டி என் பட்டறையில் திறந்தபடியே இருக்கிறது. தங்கள் உத்தரவு வரும்வரை அதற்கு நான் மூடி அடிக்க மாட்டேன்.

இடம்: மேல் டிவிஷன்
நாள்: 19-8-1974

தங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்,
மா. அழகுமலை
(கையொப்பம்)

இணைப்பு: மூன்று அங்குல ஆணி, நாலு. ஏழாம் முறி ஜன்னல் நிலையில் பிடுங்கியது. ஒன்று மட்டும் வளைந்திருக்கும். அது வேலுத்தாய் கத்தியால் கொத்தியபோது வளைந்தது.